போர்க்கள வைத்தியசாலையும் முன்னேற்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் படைத்தலைவர்களின் வியூகங்களையும், வெற்றி தோல்விகளையும், உடன்படிக்கைகளையுமே விரித்துரைத்துள்ளனர். போர் ஓய்ந்த மாலையிற் களத்திற் கிடந்தவர்கள் எங்கே கொண்டு செல்லப்பட்டனர், எத்தனை நாழிகை கழிந்தபின் அவர்களுக்குக் குடிநீர் கிடைத்தது, அவர்களுள் எவர் முதலில் வைத்தியர் முன் கிடத்தப்பட்டார் என்னும் வினாக்கள் அந்நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு சமுதாயம் மனித உயிருக்கு எத்தகைய மதிப்பை அளித்தது என்பதை அறிய விழைவோனுக்கு, வெற்றித் தூண்களைவிட வைத்தியசாலைப் பதிவேடுகளே பெரிதும் உதவுவனவாகும்.

பொதுமக்களுக்கான வைத்தியசாலைக்கும் இராணுவ வைத்தியசாலைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. முன்னதற்கு நோயாளர் நாடோறும் ஒருவர் பின் ஒருவராக வருவர். பின்னதற்கோ நெடுநாள் எவரும் வாராதிருந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வந்து குவிவர். அவர்கள் வருவர் என்பது உறுதி. என்று வருவர், எத்தனை பேர் வருவர் என்பதே அறியவொண்ணாதது. ஆதலின் இத்தகைய நிலையத்தில் வைத்தியரின் கைத்திறனும் தாதியரின் கருணையும் மாத்திரம் போதியனவல்ல. வண்டி, படுக்கை, மருந்து, உணவு, நீர், ஆளணி, அதிகார ஒழுங்கு, சிகிச்சைக்கான முன்னுரிமை ஆகியன யாவும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வகையான அனர்த்தகால முன்னேற்பாடு எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அவ்வளர்ச்சி நமக்கு உணர்த்தும் அறம் யாது என்பதையும் சில வரலாற்று நிகழ்ச்சிகளின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லரேயின் விரைவு வண்டிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் படைகளிற் காயமுற்றோரைக் களத்திலிருந்து அகற்றுதல் போர் முடிந்தபின் செய்யும் பணியாகவே கருதப்பட்டது. 1792ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையின் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த டொமினிக் ஜீன் லரே, சிகிச்சை வண்டிகள் களத்திலிருந்து ஒரு காததூரம் விலகி நிற்கவேண்டுமெனப் படைவிதி கட்டளையிட்டிருந்ததைக் கண்டார். அவ்வண்டிகள் களத்தை அடையுமுன் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடுவதும் உண்டு. குருதி இழந்தோர் அதற்குள் இறந்தனர். குதிரைகள் இழுக்கும் பீரங்கிகள் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்து செல்வதைக் கண்ட லரே, கொல்லும் கருவிக்கு வாய்த்த விரைவு காக்கும் கருவிக்கு ஏன் வாய்த்தலாகாது என எண்ணினார். அதன் விளைவே 'பறக்கும் நோயாளர் காவு வண்டி' என அழைக்கப்பட்ட இலேசான வண்டியாகும்.

1797இல் இத்தாலியப் படையெடுப்பின்போது இவ்வமைப்பு முழுமை பெற்றது. தனித்தனிப் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் 12 இலேசான வண்டிகள், வைத்தியர், உதவியாளர், பண்டசாலைப் பொறுப்பாளர் என எல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டன. வண்டியினும் சிறந்ததாக லரே விட்டுச்சென்றது ஒரு நெறியாகும். காயத்தின் கடுமையே சிகிச்சையின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். பதவியோ குலமோ அன்று என்பது அந்நெறி. அதிகாரிக்குப் பின்னரே போர்வீரன் என்பது எழுதாத சட்டமாக இருந்த காலத்தில் இது சிறிய மாற்றமன்று. பிரெஞ்சு மொழியிற் பிரித்தெடுத்தலைக் குறித்த 'திரியாஜ்' என்னும் சொல் பிற்காலத்தில் உலகெங்கும் வைத்தியசாலை வழக்காயிற்று. அதன் உட்பொருளுக்கு வித்திட்டோருள் லரே முதன்மையானவர்.

ஸ்கூட்டாரி: ஏற்பாடின்மையின் விலை

லரே காட்டிய வழியை ஐரோப்பிய அரசுகள் விரைவில் மறந்துவிட்டன என்பதற்குக் கிரிமியப் போரே சான்றாகும். 1854 செப்டெம்பரிற் கிரிமியாவில் இறங்கிய பிரித்தானியப் படையின் நோயாளரும் காயமுற்றோரும் கப்பலேற்றப்பட்டு, கருங்கடலைக் கடந்து கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கு துருக்கியப் படையினரின் பாரிய பாசறைக் கட்டடம் ஒன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. மாற்றப்பட்டிருந்தது என்பதைவிட, அவ்வாறு பெயரிடப்பட்டிருந்தது என்பதே பொருத்தமாகும்.

அங்கே பொருள் முற்றாக இல்லாதிருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. வைத்தியர் மருந்து எழுதலாம். பொருளைக் கொள்வனவு செய்து வழங்குபவர் வேறொருவர். உணவுக்குப் பொறுப்பான திணைக்களம் பிறிதொன்று. கட்டடத்தைச் செப்பனிடுவோர் இன்னொரு பிரிவினர். ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி பிழையின்றி ஒழுகினர். எனினும் நோயாளி போர்வையின்றி நிலத்திற் கிடந்தான். 1854 நவம்பர் 14ஆம் நாள் வீசிய புயலிற் பாலக்கிளாவாத் துறைமுகத்துக்கு வெளியே 'பிரின்ஸ்' என்னும் கப்பல் மூழ்கியபோது, படையினரின் குளிர்கால உடைகளும் அதனுடன் மூழ்கின. ஒரே கப்பலின் அழிவு ஒரு படையின் குளிர்காலத்தையே தீர்மானிக்குமளவுக்கு ஏற்பாடுகள் நொய்மையாய் இருந்தன.

அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் 38 தாதியருடன் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அங்கு வந்து சேர்ந்தார். அவர் வந்தமையாற் சமையல், சலவை, படுக்கை, உடை ஆகியன சீர்ப்பட்டன. எனினும் மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரி வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் குண்டு பட்டு இறந்தவர்களல்லர். வயிற்றுளைவும், வாந்திபேதியும், காய்ச்சலுமே அவர்களைக் கொன்றன. 1855 மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கட்டடத்தின் அடியிலே அடைபட்டுக்கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கினர், நீர் வரும் வழியைச் சுத்திசெய்தனர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், காற்றோட்டத்துக்கு வழிசெய்தனர். அவ்வாண்டு யூன் மாதமளவில் மரண வீதம் நூற்றுக்கு இரண்டு அளவிற்கு இறங்கிற்று. குளிர்காலம் நீங்கியமையும் நோயாளர் நெருக்கம் குறைந்தமையும் இதற்குத் துணைநின்றன என்பது உண்மையே; ஆயினும் துப்புரவின் பங்கு மறுக்கவொண்ணாதது.

போர் முடிந்தபின் நைற்றிங்கேல் அம்மையார் புள்ளிவிபரவியலாளர் வில்லியம் ஃபார் என்பாரின் துணையுடன் மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். தாம் இரவும் பகலும் உழைத்த ஸ்கூட்டாரியில், களத்துக்கு அண்மையிலிருந்த படைப்பிரிவு வைத்தியசாலைகளைவிட மரணம் மிகுந்திருந்தது என்பதை அக்கணக்குகள் காட்டின. புகழின் உச்சியில் நின்ற ஒருவருக்கு இது கசப்பான உண்மை. அவர் அதனை மறைக்கவில்லை; வரைபடங்களாக வரைந்து அரசின் முன் வைத்தார். கருணை எத்துணை உயர்ந்ததாயினும், வடிகாலையும் காற்றோட்டத்தையும் முன்னரே எண்ணிப் பார்க்காத கருணை உயிரைக் காக்காது என்பதே அவர் கண்ட முடிபாகும்.

இதற்கு மறுதலையான சான்றும் அதே போரிலேயே கிடைக்கின்றது. பொறியியலாளர் இசம்பாட் கிங்டம் புருனெல் 1855இல் மரத்தாலான ஒரு வைத்தியசாலையை இங்கிலாந்திலேயே துண்டு துண்டாகச் செய்வித்துக் கப்பலேற்றித் தார்தனெல்ஸ் நீரிணையருகே ரென்கியோய் என்னுமிடத்தில் நிறுவச் செய்தார். வடிகால், நீர்வழங்கல், காற்றோட்டம், விடுதிகளுக்கிடையேயான இடைவெளி, மேலும் நோயாளர் வந்தால் நீட்டுதற்கான வழி ஆகியன யாவும் வரைபடத்திலேயே இடம்பெற்றிருந்தன. அங்கு சிகிச்சைபெற்ற ஏறத்தாழ 1,300 பேருள் இறந்தோர் ஏறத்தாழ 50 பேர் மாத்திரமே. போரின் இறுதிக் கட்டத்தில் இயங்கியமையாற் பெரும் நெருக்கடி அதற்கு நேரவில்லை என்பதையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். எனினும் முன்னேற்பாட்டின் பயனுக்கு அதுவும் ஒரு சான்றேயாம்.

செவஸ்தபோல்: வகைப்படுத்தல் என்னும் நெறி

அதே போரில் எதிரணியில், முற்றுகையிடப்பட்ட செவஸ்தபோல் நகரில், உருசியச் சத்திரசிகிச்சை வைத்தியர் நிக்கொலாய் பிரோகோவ் பணியாற்றினார். 1854 நவம்பரில் அங்கு சென்ற அவர், நகரப் பிரபுக்களின் மன்றமாக விளங்கிய மண்டபம் பிரதான சிகிச்சை நிலையமாக மாறியிருக்கக் கண்டார். குண்டுவீச்சு நிகழும் நாள்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையிற் கொண்டுவரப்பட்டனர். வைத்தியர் தம் முன் முதலிற் கண்டவனுக்கே சிகிச்சையளிக்கத் தொடங்குவர். அவனோ எவ்வாற்றானும் பிழைக்க இயலாதவனாக இருப்பான். அவனுக்கென இரண்டு நாழிகை செலவிடுகையிற் காக்கத்தக்க ஐவர் குருதி இழந்து இறப்பர். கூக்குரல் மிக்க இடத்துக்கு வைத்தியர் ஓடுவர். ஓசையின்றிக் கிடப்போனை எவரும் காணார்.

பிரோகோவ் இம்முறையை மாற்றினார். கத்தியைக் கையிலெடுக்குமுன் எல்லோரையும் பார்வையிட்டு வகைப்படுத்தல் வேண்டும் என்றார். பிழைக்கும் நம்பிக்கை அற்றோர். உடனடியாகச் சத்திரசிகிச்சை வேண்டுவோர். மறுநாள்வரை பொறுக்கக்கூடியோர் அல்லது வேறிடத்துக்கு அனுப்பத்தக்கோர். சிறு காயத்தோடு தம் படைக்கு மீளத்தக்கோர் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவினருக்கும் தனியிடமும் தனிப்பொறுப்பாளரும் ஒதுக்கப்பட்டனர். போரை அவர் காயங்களாலான ஒரு கொள்ளைநோய் எனக் கருதினார். கொள்ளைநோய்க் காலத்தில் தனி வைத்தியரின் திறமையைவிட நிர்வாக ஒழுங்கே பெரிது என்பது அவர்தம் துணிபு. 1864இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய போர்க்களச் சத்திரசிகிச்சை நூல் இக்கருத்தை விரித்துரைத்தது.

ஈண்டு ஒரு செய்தி சிறப்பாக மனங்கொளத்தக்கது. நம்பிக்கையற்றோர் என ஒதுக்கப்பட்டோரைப் பிரோகோவ் கைவிட்டுவிடவில்லை. 1854இல் எலேனா பவ்லோவ்னா இளவரசி நிறுவிய தாதியர் சங்கத்துச் சகோதரியரிடமும் குருமாரிடமும் அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். இறப்போனுக்கு வேண்டிய ஆறுதலும் ஏற்பாட்டின் ஒரு கூறாகவே அமைந்தது. இறப்பவரை எண்ணிப்பாராத ஒழுங்கு வெறுங் கணக்கு வழக்காகவே முடிந்திருக்கும்.

லெற்றர்மனின் திட்டம்

லரே வண்டியைத் தந்தார். பிரோகோவ் வகைப்படுத்தலைத் தந்தார். இவ்விரண்டையும் பண்டசாலையுடனும் அதிகார ஒழுங்குடனும் இணைத்து ஒரு முழுத் திட்டமாக வகுத்தவர் ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பொற்றோமக் படையின் வைத்தியப் பணிப்பாளராக விளங்கிய ஜொனதன் லெற்றர்மன் ஆவார்.

அவருக்கு முன் அப்பதவியை வகித்த சார்ள்ஸ் ரிப்ளர் காலத்தில் நோயாளர் காவு வண்டிகள் படையின் போக்குவரத்துப் பிரிவின் கீழ் இருந்தன. வைத்தியர் அவ்வண்டிகளுக்குக் கட்டளையிட இயலாது. அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகள் அவற்றில் ஏற்றப்பட்டன. கூலிக்கு அமர்த்தப்பட்ட வண்டியோட்டிகள் வெடியோசை கேட்டதும் ஓடிவிட்டனர். 1862 ஓகஸ்ட் இறுதியில் நிகழ்ந்த இரண்டாவது புல் றன் சண்டையின் பின், சீர்திருத்தம் சென்றடையாத மற்றொரு படையின் காயமுற்றோர் பல நாள்கள் களத்திலேயே கிடந்தனர். காயமுற்ற ஒருவனைத் தூக்கிச்செல்லும் பெயரால் நலமுள்ள பலர் அணியைவிட்டு நீங்குவதும் வழக்கமாயிருந்தது.

1862 யூலைத் தொடக்கத்திற் பொறுப்பேற்ற லெற்றர்மன், ஒரு மாதத்துக்குள், படைத்தலைவர் மக்கிளெலனைக்கொண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் ஒரு கட்டளையைப் பிறப்பிக்கச் செய்தார். அதன்படி நோயாளர் காவுப் படை என ஒரு தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஓட்டியும் தூக்குபடுக்கை சுமப்போர் இருவரும் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கெனத் தனி அதிகாரிகளும் தனி அடையாளமும் இருந்தன. அமைதிக்காலத்திலேயே தூக்குதல், ஏற்றுதல், இறக்குதல் ஆகிய பயிற்சிகள் நாடோறும் அளிக்கப்பட்டன. பிற தேவைகளுக்கு அவ்வண்டிகளைப் பயன்படுத்தல் தடைசெய்யப்பட்டது.

1862 செப்டெம்பர் 17ஆம் நாள் அன்ரீற்றம் களத்தில் இத்திட்டம் முதற் சோதனையை எதிர்கொண்டது. இருதரப்பிலும் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் ஒரே நாளில் வீழ்ந்தோர் ஏறத்தாழ 22,700 பேர். வடபுலப் படையின் காயமுற்றோர் மாத்திரம் 9,000க்கு மேற்பட்டோர். திட்டம் எல்லாப் பிரிவுகளிலும் நிறைவேறியிராத போதிலும், அவர்களுட் பெரும்பாலோர் மறுநாளுக்குள் களத்திலிருந்து அகற்றப்பட்டனர். இரண்டாவது புல் றன் சண்டைக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் மூன்று வாரத்துக்கும் குறைவே.

குறைகளும் தெரியவந்தன. மொனோக்கசி ஆற்றின்மேலிருந்த புகையிரதப் பாலம் தகர்க்கப்பட்டிருந்தமையால் மருந்துப் பொருள்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. அப்பாடத்தைக் கற்ற லெற்றர்மன், ஒக்டோபர் 4ஆம் நாள் மருந்துப் பொருள் வழங்கலைத் திருத்தியமைத்தார். ஒக்டோபர் 30ஆம் நாட் கட்டளை கள வைத்தியசாலைகளை ஒழுங்குபடுத்திற்று. பின்னதன் நுட்பங்கள் கவனிக்கத்தக்கன. ஒவ்வொரு படைக்கூறுக்கும் ஒரு வைத்தியசாலை. அதற்கு ஒரு பொறுப்பதிகாரி. உணவுக்கும் கூடாரத்துக்கும் ஒருவர். நோயாளரின் பெயரையும் காயத்தையும் இறந்தால் அடக்கம் செய்த விபரத்தையும் பதிவதற்கு ஒருவர். சத்திரசிகிச்சை செய்வதற்கு மூவர். இம்மூவரும் பதவி நிலையை நோக்காது திறமையும் நிதானமும் ஒன்றையே நோக்கித் தெரியப்படல் வேண்டும் என அக்கட்டளை விதித்தது. நோயாளரிடையே பதவி வேறுபாட்டை லரே நீக்கினார் எனின், வைத்தியரிடையே அவ்வேறுபாட்டை லெற்றர்மன் நீக்கினார் எனலாம்.

ஆயினும் திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் படைத்தலைமை அதனை மதிக்காவிடிற் பயனில்லை. 1863 யூலை 1 முதல் 3 வரை நிகழ்ந்த கெற்றிஸ்பேர்க் சண்டையின்போது, பாதைகளிற் படையினர் விரைந்து செல்லவேண்டும் என்பதற்காக வைத்தியப் பொருள் வண்டிகள் பலவும் பின்னே நிறுத்திவைக்கப்பட்டன. சண்டை முடிந்தபோது இருதரப்பையும் சேர்ந்த ஏறத்தாழ 20,000 காயமுற்றோர் அச்சிற்றூரைச் சூழ்ந்து கிடந்தனர். படையோ அடுத்த சண்டையை எதிர்நோக்கி வைத்தியர்களுட் பெரும்பகுதியினருடன் புறப்பட்டுவிட்டது. எஞ்சியோர் நூற்றுச் சொச்சம் வைத்தியர்களே. காவுவண்டிகள் காயமுற்றோரைத் திறம்பட அகற்றின. ஆனால் அகற்றப்பட்டோருக்குக் கூடாரமும் உணவும் போதவில்லை. திட்டத்தின் ஓர் உறுப்பு இயங்கி மற்றோர் உறுப்பு முடங்கினால் விளைவது இதுவே.

அவ்வாண்டு மார்ச் 17ஆம் நாள், கெலீஸ் ஃபோட் என்னுமிடத்து நிகழ்ந்த குதிரைப்படைச் சண்டையிற் போஸ்ரன் நகர வைத்தியர் ஹென்றி போடிச் என்பாரின் மகன் காயமுற்றான். உரிய வேளையில் நோயாளர் காவு வண்டி கிடைக்காது களத்திற் கிடந்து பின் அவன் இறந்தான். முன்னரே இச்சீர்திருத்தத்துக்காக வாதாடிவந்த தந்தை, தம் துயரத்தைத் தனித்துயரமாகக் கொள்ளாது, எல்லாப் படைகளுக்கும் காவுவண்டி அமைப்பு வேண்டுமென நூலொன்றை எழுதி நாட்டின் முன் வைத்தார். 1864 மார்ச் 11ஆம் நாள் அமெரிக்கப் பேரவை லெற்றர்மனின் அமைப்பைப் படை முழுவதற்கும் உரிய சட்டமாக்கிற்று.

அதே 1864 ஓகஸ்ட் 22ஆம் நாள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1859இற் சோல்ஃபெரினோக் களத்தில் உதவியின்றிக் கிடந்தோரைக் கண்ட ஹென்றி டியூனானின் முயற்சி அதற்கு வித்தாயிற்று. பிரோகோவின் நூலும் அவ்வாண்டினதே. மூன்று வெவ்வேறு நாடுகளில், மூன்று வெவ்வேறு களங்களின் துயரத்திலிருந்து, ஒரே முடிபு பிறந்தமை தற்செயலானதன்று. நீண்டதூரம் பாயும் துப்பாக்கியும் இலட்சக்கணக்கிற் சேர்க்கப்பட்ட படையும் புகையிரதமும் போரின் அளவைப் பெருக்கியிருந்தன. பழைய முறைகள் அவ்வளவைத் தாங்கவில்லை.

பேள் துறைமுகம்: தாக்கப்பட்ட வைத்தியசாலை

இதுகாறும் நோக்கிய நிகழ்ச்சிகளில் வைத்தியசாலை களத்துக்குப் பின்னே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் வான்போர் அவ்விடைவெளியை அழித்துவிட்டது. 1941 டிசம்பர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, யப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேள் துறைமுகத்தைத் தாக்கின. இறந்த அமெரிக்கர் 2,403 பேர். காயமுற்றோர் 1,100க்கு மேற்பட்டோர். துறைமுகத்தருகே இருந்த கடற்படை வைத்தியசாலை வளவிலேயே யப்பானிய விமானமொன்று வீழ்ந்தது. எனினும் முதன் மூன்று மணித்தியாலங்களுக்குள் அவ்வைத்தியசாலை 450க்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டது. எரியும் எண்ணெயினால் உடல் வெந்தவர்களே அவர்களுட் பெரும்பகுதியினர்.

நாட்டின் காவலர் எதிர்பாராத தாக்குதலை வைத்தியர் ஓரளவு எதிர்பார்த்திருந்தனர் என்பதே இந்நிகழ்ச்சியின் வியப்பு. ஹொனலூலு நகர வைத்தியர் சங்கத்தினர் போர் மூளக்கூடும் என எண்ணிச் சத்திரசிகிச்சைக் குழுக்களை முன்னரே வகுத்திருந்தனர். 1941இலேயே குருதித் திரவவங்கி ஒன்றும் நிறுவப்பட்டிருந்தது. அன்று காலை, நியூயோர்க் நகரிலிருந்து வந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் மூர்ஹெட், காயங்களுக்கான சிகிச்சை பற்றி நகர வைத்தியர்களுக்கு விரிவுரையாற்றவிருந்தார். அவ்வவையிலிருந்தே அவர்கள் இராணுவ வைத்தியசாலைக்கு அழைக்கப்பட்டனர். கேட்க வந்த பாடத்தை அவர்கள் அன்றே செய்து முடித்தனர். அவ்வைத்தியசாலையின் பெயர் ரிப்ளர். வண்டிகளுக்குக் கட்டளையிட அதிகாரமற்றிருந்த அதே சார்ள்ஸ் ரிப்ளரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. அவர் காலத்திற் கிட்டாத ஒழுங்கு, எண்பது ஆண்டுகளின் பின் அவர் பெயர் தாங்கிய மனையிற் கிட்டிற்று.

எனினும் எண்ணாது விடப்பட்டவையும் இருந்தன. மெல்லிய அரைக்கை உடையோடிருந்த மாலுமிகளின் வெற்றுடலைத் தீச்சுவாலை பற்றிற்று. இறந்தோரை அடையாளங் காணல் பேரிடராயிற்று. மூழ்கிய 'ஒக்லஹோமா' கப்பலில் இறந்த 429 பேருள் மிகப் பெரும்பாலோர் பெயர் அறியப்படாதவராகவே அடக்கம் செய்யப்பட்டனர். 2015இல் அவ்வுடல்கள் மீளத் தோண்டியெடுக்கப்பட்டு, மரபணுச் சோதனையின் உதவியால் 2021ஆம் ஆண்டளவில் 350க்கும் மேற்பட்டோர் பெயர் பெற்றனர். பெயரைப் பதிவதற்கென 1862இல் லெற்றர்மன் ஒருவரைத் தனியே நியமித்தமை எத்துணைத் தொலைநோக்கு என்பது இதனாற் புலனாகும்.

மட்டக்களப்புக் கடலில்

பேள் துறைமுகத்தைத் தாக்கிய தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படையே நான்கு மாதங்களின் பின் இலங்கையை நாடி வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு தாக்கப்பட்டது; ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. 'ஹேர்மிஸ்' கப்பலில் 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். கடலில் மிதந்தோருட் பெருந்தொகையினரை, ஏறத்தாழ 600 பேரை, அவ்வழியே சென்ற 'விற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குக் கொண்டு சென்றது.

விமானங்கள் அக்கப்பலைத் தாக்காது விட்டன. 1864ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நெறிகள் ஹேக் மாநாடுகளின் வாயிலாகக் கடற்போருக்கும் விரிவாக்கப்பட்டிருந்தன. வைத்தியசாலைக் கப்பல் இன்ன நிறம் பூண்டு இன்ன சின்னம் தாங்கல் வேண்டும் என்பது அமைதிக்காலத்தில் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து எழுதப்பட்ட விதி. அவ்விதி எங்கணும் மதிக்கப்பட்டதெனக் கூறவியலாது. அப்போரிலேயே வைத்தியசாலைக் கப்பல்கள் சில மூழ்கடிக்கப்பட்டன. ஆயினும் அன்று, நமது கிழக்குக் கரையோரக் கடலில், அவ்விதி பல நூறு உயிர்களைக் காத்தது. உடன்படிக்கையும் ஒருவகை முன்னேற்பாடே என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மதிப்பீடு

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபுகள் யாவை? முதலாவதாக, பொருளும் அதிகாரமும் பிரிந்து கிடக்குமிடத்து முன்னேற்பாடு பயன் தராது. ஸ்கூட்டாரியில் எல்லாத் திணைக்களங்களும் இருந்தன. பொறுப்பாளி ஒருவர் இல்லை. இரண்டாவதாக, ஒருமுறை எழுதிவைத்த திட்டம் என்றும் போதுவதன்று. அன்ரீற்றத்தின் குறையைக் கண்டு ஒரு திங்களுள் திட்டத்தைத் திருத்தியமையே லெற்றர்மனின் பெருமை.

மூன்றாவது முடிபே சிந்தனைக்கு மிகவும் உரியது. இராணுவ வைத்தியம் இரு தலைவர்களுக்கு ஊழியஞ் செய்கின்றது. காயமுற்றவனைக் காத்தல் ஒன்று. படையின் வலிமையைக் காத்தல் மற்றொன்று. சிறு காயத்தானை விரைந்து களத்துக்கு மீள்விப்பதில் படைத்தலைவனுக்கு நாட்டம் மிகுதி. கடுங்காயத்தானை முதலிற் காப்பதில் வைத்தியனுக்குக் கடமை மிகுதி. இவ்விரண்டும் முரண்படுமிடத்தில் எது வெல்லும் என்பது நெருக்கடி நேரத்தில் தீர்மானிக்கப்படுமாயின், பெரும்பாலும் அதிகாரமுடையதே வெல்லும். காயத்தின் கடுமையே வரிசையைத் தீர்மானிக்கும் என முன்னரே எழுதிவைத்தால் மாத்திரமே எளியவனுக்கு நீதி கிடைக்கும். வகைப்படுத்தலை இரக்கமற்ற செயல் எனக் கருதுவோர் உளர். எழுதப்பட்ட வகைப்படுத்தல் இல்லாதபோது எழுதப்படாத வகைப்படுத்தல் ஒன்று நிகழ்ந்தே தீரும். அதில் முதலிடம் பெறுவோர் பதவியுடையோரும் உரக்கக் கூவவல்லோருமே.

இங்கு பிரோகோவின் முதற் பிரிவை மீண்டும் நினைவுகூர்தல் தகும். நம்பிக்கையற்றோர் என்னும் பிரிவின் எல்லை இயற்கையால் மாத்திரம் வகுக்கப்பட்டதன்று. குருதித் திரவம் ஆயத்தமாக இருக்குமிடத்திற் பிழைப்பவன், அஃதில்லாத இடத்தில் நம்பிக்கையற்றவனாகின்றான். ஒரு நாழிகையில் வண்டி வந்தாற் காக்கத்தக்கவன், ஒரு நாள் தாமதித்தாற் காக்கவியலாதவனாகின்றான். வைத்தியர் அவனைப் பார்த்து இவன் பிழையான் எனக் கூறும்போது, அத்தீர்ப்பு அவருடையதன்று. எத்தனை வண்டி, எத்தனை படுக்கை, எவ்வளவு மருந்து எனச் சில மாதங்களின் முன் ஏதோ ஒரு காரியாலயத்தில் எழுதியவனுடையது, அல்லது எழுதாது விட்டவனுடையது. ஸ்கூட்டாரியில் இறந்தோருட் பலருக்கு அத்தீர்ப்பு அவர்கள் கப்பலேறு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

போர்க்களத்திற் கற்ற இப்பாடங்கள் இன்று வெள்ளம், தீ, விபத்து, கொள்ளைநோய் ஆகிய எல்லா அனர்த்தங்களிலும் பொதுமக்கள் வைத்தியசாலைகளுக்கும் வழிகாட்டுகின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறுவோருட் சிலர் வைத்தியராகவும், சிலர் பொறியியலாளராகவும், பலர் நிர்வாகிகளாகவும் ஆவர். பண்டசாலைப் பட்டியலைச் சரிபார்த்தலும், வடிகாலைப் பார்வையிடலும், பயிற்சி நாளைக் குறித்தலும் புகழ் தரும் பணிகள் அல்ல. அவற்றைச் செய்தவர்களுக்கு எவரும் சிலை நிறுவுவதில்லை. ஆயினும் என்றோ ஒரு நாள் வாயிலிற் காயமுற்றோர் வந்து குவியும்போது, அவர்களுள் எவர் நம்பிக்கைக்குரியோர் என்பதைத் தீர்மானிக்கப்போவது அப்பட்டியலும் அவ்வடிகாலும் அப்பயிற்சியுமே.